ஒரு பிள்ளைகூட விடாமல்

"கடைசி பெஞ்சுல ஓரமா உட்கார்ந்திருக்காளே, அவகிட்ட மட்டும் கேள்வி கேக்காதேம்மா. நேரம் போயிடும்."

பயிற்சிக்கு வந்த முதல் நாளே வகுப்பாசிரியை இப்படிச் சொன்னார். மூன்றாம் வகுப்பு, முப்பத்தாறு பிள்ளைகள், கணக்குப் பாடம்.

பயிற்சி ஆசிரியைக்குச் சுருக்கென்றது. "அப்போ அந்தப் பொண்ணு எப்ப டீச்சர் கத்துக்கும்?"

"உட்கார்ந்து கேக்குறா இல்ல? ஏறுற வரைக்கும் ஏறட்டும்." வகுப்பாசிரியை ஒரு கட்டு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு, திருத்துவதற்காகப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

இவரெல்லாம் எதற்கு இந்த வேலைக்கு வந்தார் என்று அன்று மாலை முழுக்கப் பொருமித் தீர்த்தாள் அவள்.

மற்ற பிள்ளைகள் அந்தச் சிறுமிக்கு வைத்த பெயர் ஆமை. அப்படிக் கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்ப்பாள். கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாது.

ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால் எவ்வளவு? ஆமையின் நோட்டில் இருபத்தாறு.

"எப்படிடா கண்ணு வந்துச்சு?"

"ரெண்டுலேர்ந்து எட்டு போகாதே மிஸ். எட்டுலேர்ந்து ரெண்டு போகும்ல? அதான் திருப்பிப் போட்டுக்கிட்டேன்."

பயிற்சி ஆசிரியைக்குச் சிரிப்பு வந்தது.

குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எடுத்து வந்தாள். "ரெண்டு பத்தலைன்னா ஒரு கட்டைப் பிரி. இப்போ பன்னெண்டு ஆச்சா? அதுலேர்ந்து எட்டை எடு."

ஆமை கட்டைப் பிரிப்பாள். உள்ளே பத்து இருக்கிறதா என்று எண்ணுவாள். சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். அதற்குள் மற்ற பிள்ளைகள் நாலு கணக்கை முடித்துவிட்டு வம்பு பேசிக்கொண்டிருக்கும்.

மதிய இடைவேளையிலும், மாலை மணி அடித்த பிறகும், பயிற்சி ஆசிரியை மூன்று வாரம் அவளோடு மல்லுக்கட்டினாள். ஒரு நாள் பதினாலு வரும். மறுநாள் பழைய இருபத்தாறே வந்து நிற்கும். தொண்டை கட்டியதுதான் மிச்சம். குறை பிள்ளையிடம் இல்லை, தனக்குத்தான் சொல்லித்தர வரவில்லை என்று நினைக்க நினைக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்லூரியிலிருந்து மேடம் வந்து பார்க்கும் மதிப்பீட்டு வகுப்பில் போன வருடம் அவள் தேறவில்லை. ஒரு குழந்தைக்குப் புரிய வைத்துக்கொண்டு நின்றதில், பாதிப் பாடத்திலேயே மணி அடித்துவிட்டது. இந்தத் தடவையும் தவறினால் படிப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள். அம்மாவோ தெருவெல்லாம் 'என் பொண்ணு டீச்சர்' என்று தம்பட்டம் அடித்தாயிற்று.

மதிப்பீட்டு நாள் வந்தது. பயிற்சிக்கும் அதுதான் கடைசி நாள்.

கல்லூரி மேடம் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அவள் ஆமையைக் கூப்பிட்டாள். "கண்ணு, மாடியில ஸ்டோர் ரூம் இருக்குல்ல? அங்க பெரிய அளவுகோல் இருக்கும். ஸ்டோர்காரர் வந்ததும் கேட்டு வாங்கிட்டு வா. அவர் வர்ற வரைக்கும் அங்கேயே நிக்கணும். சரியா?"

ஆமைக்கு முகமெல்லாம் பல். இதுவரை யாரும் அவளை நம்பி ஒரு வேலை சொன்னதில்லை. மாடிப்படியில் ஓடியே போனாள்.

மேடம் வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டார். பாடம் தண்ணீர் பட்ட பாடாக நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில். பிள்ளைகள் கட்டைப் பிரித்தார்கள், எடுத்தார்கள், எழுதினார்கள். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே கடைசிக் கணக்கும் முடிந்திருந்தது.

"நல்லா பண்ணேம்மா. ஒரு பிள்ளைகூட விடாம எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டே," என்று மேடம் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நீ பாஸ்."

"தேங்க்ஸ் மேடம்" என்று சொன்னாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. இதற்காகத்தான் ஒரு வருடம் தவம் கிடந்தாள். கையில் வாங்கியபோது சந்தோஷம் மட்டும் வரவில்லை.

மேடம் போய்க் கொஞ்ச நேரம் கழித்து, ஆமை வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், ஸ்டோர்காரர் வரவே இல்ல. நீங்க நிக்கச் சொன்னீங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தேன். அளவுகோல் இல்லாம கஷ்டமா இருந்துச்சா மிஸ்?"

"இல்லடா. சமாளிச்சுட்டேன்."

"கணக்கு முடிஞ்சிடுச்சா? எனக்கு நாளைக்குச் சொல்லித் தருவீங்கல்ல?"

நாளைக்கு அவள் இங்கே இல்லை. இருந்தும் தலையை ஆட்டினாள். ஆமை நிம்மதியாகத் தன் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வகுப்பாசிரியை திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டு எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"ஸ்டோர்காரர் இன்னிக்கு லீவுன்னு காலையில அசெம்பிளியிலேயே சொன்னாங்களேம்மா. நீயும் என் பக்கத்துலதானே நின்னே."

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நானும் அவளைக் கேள்வி கேக்காதவதான். அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்ல," என்றார் வகுப்பாசிரியை. "ஆனா ஒரு நாளும் அவளை வெளியில அனுப்பிட்டுப் பாடம் நடத்தினதில்லம்மா."