பாகிலா ஊற்றும் தேநீர்

கசகஸ்தானின் கரகாண்டா நகரத்துப் பனி வெளிச்சம் செவிலியர் அறை ஜன்னலில் சாம்பலாகப் படிந்திருக்கிறது. மேசைமேல் ரொட்டித் துண்டுகள், ஆவி பறக்கும் தேநீர்க் கெண்டி; நடுவே ரைஹானின் ஒலிப்பதிவுக் கருவி சிவப்பாகக் கண்சிமிட்டுகிறது. செவிலியர் தலைமை குறித்து முனைவர் பட்டம் வாங்கவென்று இந்த வார்டை விட்டுப் போனவள், இன்று ஆய்வுக்குக் கேள்வி கேட்க வந்திருக்கிறாள். எதிரே பாகிலா, முன்பு அவளோடு சேர்ந்து நோயாளிகளைத் தூக்கிப் படுக்கவைத்தவள், இடுப்பில் கம்பளிச் சால்வையை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். "தலைமை நர்ஸ் உங்க குறைகளைக் காதுல வாங்கறாங்களா அக்கா?" "நீ விட்டுட்டுப் போன இடத்துக்கு இன்னும் ஆள் போடலைடி. அதையும் எழுதிக்கோ, டாக்டரம்மா." ரைஹான் சிரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. காலிக் கிண்ணத்தை நீட்டுகிறாள். இங்கே மனசுக்கு வேண்டியவர்களுக்குக் கால் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி இன்னும் கொஞ்சம் உட்காரட்டும் என்று. எழுந்து போகவேண்டியவர்களுக்குத்தான் நிறைய ஊற்றுவது. பாகிலா அவளுக்கு இரண்டு மடக்குக்கு மேல் ஊற்றியதே இல்லை. இப்போது கெண்டி சாய்கிறது, சாய்ந்தபடியே இருக்கிறது. தேநீர் விளிம்பைத் தொட்டுத் தளும்பி நிற்கிறது. "குடிங்க," என்கிறாள் பாகிலா, ஜன்னலைப் பார்த்தபடி. கையிலிருந்த பேனாவைக் கீழே வைக்கிறாள் ரைஹான்; சிந்தாமல் தூக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.