சூடேறாத பெட்டி

என் மனைவி மைதிலி இறந்ததும் அவள் மனதை ஒரு கணினிப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அது வரவேற்பறை அலமாரியில் இருக்கிறது. தினமும் பேசுகிறோம். பெட்டி ஒருநாளும் சூடானதில்லை. நல்ல விசிறி என்று நினைத்திருந்தேன்.

ஆண்டுச் சோதனைக்கு வந்த ஜோஸ்பின் பெட்டியின் பின்னால் கையை வைத்தாள்.

"காத்து சில்லுனு வருது சார்."

"நல்லதுதானே?"

"யோசிச்சா ப்ராசஸர் சூடாகும். அந்தச் சூடு காத்தோட வெளிய வரணும். எங்க, பேசுங்க பாப்போம்."

"வந்துட்டேன் மைதிலி," என்றேன்.

"சாப்ட்டியாடா? மெலிஞ்சுகிட்டே போற."

ஜோஸ்பின் சிரித்துவிட்டாள். "இந்தத் தொப்பைய அவங்க பாக்கலையா சார்? தினமும் ஒரே பேச்சுன்னா பெட்டி பழைய பதிலையே எடுத்துக் குடுத்துடும். புதுசா ஏதாவது கேளுங்க. அப்பதான் அவங்க உள்ள இருக்காங்களான்னு தெரியும்."

நானும் பெட்டியின் பின்னால் கையை வைத்தேன். "அங்க எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

விசிறி வேகமெடுத்தது. காற்று வெதுவெதுப்பாகி, பிறகு என் கையைச் சுட்டது.

"கூலிங் நல்லாவே வேலை செய்யுது சார்," என்று சொல்லிவிட்டு ஜோஸ்பின் கிளம்பினாள்.

விசிறி இன்னும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மைதிலி இன்னும் பதில் சொல்லவில்லை.