வெட்டச் சொன்ன காட்சி

"தண்ணித் தொட்டியில விஷம் கலக்கட்டும், ரயிலுக்கு வெடி வைக்கட்டும், அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். அந்த மூக்குக் கண்ணாடி சீனை மட்டும் தூக்கிடுங்க!"

பேராசிரியர் இப்படிச் சொன்னதும் தணிக்கைக் குழுவில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். படம் முடிந்து, விளக்குப் போட்டு, பிஸ்கட் தட்டு கைமாறிக்கொண்டிருந்த நேரம். இடைவேளைக்குள்ளேயே வில்லன் பாதி நகரத்தை ஒழித்துக்கட்டியிருந்தான். அதற்கெல்லாம் அசையாத மனிதர் இதற்குப் போய் ஏன் துள்ளுகிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

"வில்லன் தன் அப்பாவோட கண்ணாடியை ஒளிச்சு வெச்சுட்டு, தானே ஃப்ரிட்ஜுக்குள்ளேர்ந்து கண்டுபிடிச்சுக் கொடுக்கறானே, அதுவா?" என்று கேட்டார் குழுவின் தலைவி.

"அதேதான் மேடம்."

எதிரே உட்கார்ந்திருந்த டைரக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் படம். வீட்டு நகையெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

"சார், படத்தோட உயிரே அதுதான் சார்! ஊருக்கே விஷம் வைக்கிறவனைப் பாத்து யாரும் பயப்படறதில்ல. பாப்கார்ன் கொறிச்சுக்கிட்டே பாப்பாங்க. ஆனா கூடவே இருக்கற புள்ள, தினம் ஒரு பொருளை இடம் மாத்தி மாத்தி வெச்சு, நல்லா இருக்கற அப்பாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு வீட்டையே நம்ப வைக்கிறான் பாருங்க... கடைசியில அந்த அப்பாவே, 'எனக்கு ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குதுப்பா, இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்க'ன்னு சாவியை நீட்டறாரே, அங்கதான் சார் தியேட்டர் உறைஞ்சு போகும்."

பேராசிரியரின் கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. டம்ளரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார்.

"நம்பற மாதிரி இல்ல. பெத்த அப்பாவுக்கு எவனாவது இப்படிச் செய்வானா?"

"ரயில் பறந்து போய் ஆத்துல விழுந்தது மட்டும் நம்பற மாதிரி இருந்துதா?" என்றார் பக்கத்திலிருந்த பல் டாக்டர், பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டே.

"அதுக்கில்ல டாக்டர். பாத்துட்டு எவனாவது கத்துக்குவான்."

"எவனும் செய்யமாட்டான்ங்கறீங்க. அப்புறம் கத்துக்குவான்ங்கறீங்க. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்."

தலைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பேராசிரியரின் போன் அலறியது. அவர் பதறி எடுத்தார்.

"சொல்லும்மா... மறுபடியுமா?... சரி, நீ அழாதே. அவரைத் திட்டிடாதே. நான் இதோ கிளம்பிட்டேன்."

போனை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சிதான். அப்பா காலையிலேர்ந்து எதையோ தேடிக்கிட்டிருக்காராம். அவருக்கு மறதி நோய் மேடம். கொஞ்ச நாளாத்தான்."

பல் டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என் தங்கச்சி ஒரு சினிமாப் பைத்தியம். எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே அப்பாவையும் இழுத்துக்கிட்டுப் போயிடுவா. அந்த மனுஷன் திரையில இதைப் பாத்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டைரக்டர் எழுந்து வந்து பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க சார். உங்களை மாதிரி வீடுகளை நான் யோசிக்கவே இல்ல. எடுத்துடறேன்."

பாவம், நல்ல பிள்ளை. படத்தின் உயிரைத் தன் கையாலேயே பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

பேராசிரியர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தார். தங்கைதான் கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. உள்ளே அப்பா சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"மேசை மேலதான்டா வெச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நேத்தும் இப்படித்தான் சொன்னீங்கப்பா," என்றார் பேராசிரியர் பரிவோடு.

தங்கை அவரை ஓரமாக அழைத்துப் போனாள். "அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல, நீதான் கதை கட்டறேன்னு இத்தனை நாளா நெனச்சேன். இன்னைக்குத்தான் என் கண்ணால பாத்தேன். தப்பா நெனச்சுக்காதே அண்ணா."

"அட, விடும்மா. இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்து நானும் தேடறேன்."

சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். டைரக்டரின் முகம் ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜை மூடிவிட்டு, தன் பையிலிருந்து அப்பாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்குள் செருகினார். பிறகு, "ஐயோ அப்பா, இங்க வந்து பாருங்களேன்!" என்று குரல் கொடுத்தார்.

ஓடி வந்த தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா டப்பாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மகனிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குதுப்பா. இனிமே எல்லாத்தையும் நீயே பாத்துக்க."