சம்பந்தத்தின் மொட்டை

பெண் இன்னும் கூடத்துக்கு வரவில்லை. அதற்குள் சம்பந்தத்துக்கு மண்டையில் வியர்த்துவிட்டது.

இன்றைக்கு எது வேண்டுமானாலும் நடக்கட்டும், மண்டை மட்டும் வியர்க்கக் கூடாது. அவனுடைய மொட்டைத் தலை முழுக்க அம்மா தில்லையம்மாள் சந்தனத்தைக் குழைத்து, சுவருக்குப் பூசுவது போல் கனமாகப் பூசி அழைத்து வந்திருந்தாள்.

முழுப் பெயர் திருஞானசம்பந்தம். பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்பவன். பெயரிலேயே சம்பந்தம் இருந்தும், முப்பத்தொரு வயதுவரை ஒரு சம்பந்தமும் அமையவில்லை.

மூன்று வீடுகளில் காபி குடித்தாகிவிட்டது. மூன்று பெண்களும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு மேலே பார்த்தார்கள்.

ஊர் வாலிபர்களெல்லாம் காதை மூடும்படி முடி வளர்த்து, பாதிக் கன்னம்வரை கிருதா விட்டுத் திரிந்த காலம் அது. பாவம், அவன் என்ன செய்வான்? இடது காதோரத்து முடியை வலது காதுவரைக்கும் இழுத்து எண்ணெய் வைத்து ஒட்டினான். காற்றடித்தால் அது கதவு மாதிரி திறந்துகொண்டது.

நான்காவதாக, தானாகவே தேடிக்கொண்டு இந்த இடம் வந்தபோதுதான் அவன் மூளையில் அந்த யோசனை பளிச்சென்று உதித்தது. மேலேயும் பளிச்சென்றுதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

வழுக்கைத் தலையனுக்குப் பெண் தர யோசிப்பார்கள். திருத்தணி முருகனுக்கு மொட்டை போட்டவனை யார் என்ன கேட்க முடியும்? மொட்டைக்குள் வழுக்கை எங்கே இருக்கிறதென்று எவன் கண்டான்?

காரியம் கைகூடிய பிறகு செலுத்த வேண்டிய முடியை முன்கூட்டியே செலுத்துகிறேன் என்று சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான். சாமி ஒன்றும் சொல்லவில்லை. முடி இறக்கியவர்தான் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தில் கால்வாசிகூட இவனுக்கு ஆகவில்லை.

அது நான்கு நாட்களுக்கு முன்பு. இது வைகாசி. ஆனியில் முகூர்த்தம் வைத்துவிட்டால், முடி ஏன் வளரவில்லை என்று யாருக்கும் தோன்றுவதற்குள் தாலி ஏறிவிடும்.

பெண்ணின் அப்பா மாணிக்கவாசகத்துக்குச் சந்தன மொட்டையைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. பையன் பக்திமான். சம்பந்தத்துக்கு நெஞ்சுக்குள் மேளம் கொட்டியது. ஆனி என்ன ஆனி, நாளைக்கே என்றாலும் அவன் தயார்!

“மொட்டைத் தலையோட மணவறையில உக்காந்தா போட்டோவுல நல்லாவா இருக்கும்மா?” என்றார் அவர் தில்லையம்மாளிடம். “முடி நல்லா வளரட்டும். தையில வச்சிக்கலாம்.”

மேளம் நின்றுவிட்டது.

தை என்றால் எட்டு மாதம். எட்டு மாதத்தில் அடுத்தவன் தலையில் காடே வளரும். தன் தலையில் என்ன வளரும் என்பது அவனுக்குத் தெரியும், முருகனுக்கும் தெரியும்.

வியர்த்துக் கொட்டியது. மாணிக்கவாசகம் மரியாதையாக எழுந்து மேஜை விசிறியை மாப்பிள்ளைப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

காற்றுப் பட்டதும் சந்தனம் காய்ந்து விரிசல் விட்டது. ஒரு சில்லு மடியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை ஒரு நிறத்திலும் நெய்து, இரண்டையும் இணைக்கிற இடத்தைத் தறிக்காரர்கள் கோர்வை என்பார்கள். சம்பந்தம் நெய்தால் கோர்வையில் ஓர் இழை பிசகாது. அவன் தலையிலும் பிசகவில்லை. காதுகளைச் சுற்றி நான்கு நாள் முளையில் கரும்பச்சைக் கரை. நடுவில் ஒன்றுமே முளைக்காத செம்பு நிறத்து உடல். காலையில் கண்ணாடியில் அதைப் பார்த்துப் பதறித்தான் இத்தனை சந்தனமும்.

அந்த நேரம் பார்த்துப் பெண் கமலவேணி தட்டோடு வந்தாள்.

குனிந்தால் உச்சி தெரியும், நிமிர்ந்தால் நெற்றி தெரியும். எப்படி உட்காருவதென்று தெரியாமல் சம்பந்தம் கண்ணை மட்டும் தரையில் போட்டுக்கொண்டான். அவள் அவன் முன்னால் தட்டை வைக்கக் குனிந்தாள்.

“சந்தனம் உதிருது,” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. “கோர்வை தெரியுது.”

போச்சு. நான்காவது காபியும் போச்சு. பேசாமல் வீட்டுக்குப் போய்த் தறிக்குழிக்குள் இறங்கி, மேலே பலகையைப் போட்டு மூடிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. எழுந்து ஓடத்தான் நினைத்தான்.

அவள் நகரவில்லை. ஏற்கெனவே நிறைந்திருந்த தட்டில் முறுக்கை எடுத்து ஓரமாக வைத்தாள். ஓரத்தில் இருந்ததை எடுத்து நடுவில் வைத்தாள். பெரியவர்கள் இருவரும் தை மாதத்து நாட்களை விரல் விட்டு எண்ணிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க எதிர்வூட்டு மாடி எங்க சித்தி வூடு,” என்றாள் மெதுவாக. “தெருவுல நீங்க பாவு நூல இழுத்துக் கட்டறப்பல்லாம் மேலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன். பாத்துட்டுத்தான், உங்களையே கேக்கச் சொல்லி அப்பாகிட்ட ஒத்தக்கால்ல நின்னேன். நல்லாதானே இருந்துது? இருந்ததையும் ஏன் எடுத்துட்டீங்க?”