வெள்ளிக்கிழமைப் படம்

"கன்னம் வீங்கி ஆறு நாளா வீட்டுல படுத்துக் கிடக்கிற பிள்ளை, செவ்வாய்க்கிழமை இங்க வந்து எப்படி மிஸ் அவரை விதை நட்டான்?" பள்ளி வாசலில் கத்தினாள் பூங்கோதை.

"மெதுவாப் பேசுங்கம்மா. லீவு போட்ட பிள்ளைங்களையும் படம் செய்யற ஏ.ஐ. தானாவே சேர்த்துடும். பெத்தவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல?" என்றாள் ஜெனிஃபர் டீச்சர்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரி துணைக்கு வந்தவள். வேடிக்கை பார்க்க வந்தவள் என்றுதான் தெருவே சொல்லும். வாரம் முழுக்கப் பிள்ளைகள் படித்ததையும் ஆடியதையும் பள்ளிக்கூடம் வெள்ளிதோறும் வீடியோ படமாகப் பெற்றோர் போனுக்கு அனுப்பும். வீட்டில் வாயே திறக்காத தன் மகன் முகில் அதில் தொண்டை கிழியப் பாடுவதை அவள் தெருவில் ஒருவர் விடாமல் காட்டியிருந்தாள். அதை நம்பித்தான் அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவதையும் நிறுத்தியிருந்தாள்.

"அப்ப, லீவு போடாத பிள்ளைங்க செய்யறதெல்லாம் நிஜந்தானே மிஸ்?" என்று மெல்லக் கேட்டாள்.

மணி அடித்துவிட்டது என்று டீச்சர் உள்ளே போய்விட்டாள். மணி அடித்த சத்தம் ஈஸ்வரிக்குக் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம் டீச்சர் கல்யாணமாகி மஸ்கட் போனாள். பூங்கோதை குடும்பத்தோடு தேனிக்கு வீடு மாறினாள். அவள் மகன் மட்டும் இன்றும் வெள்ளிதோறும் பள்ளிப் படத்தில் முன்வரிசையில் நின்று பாடுகிறான். பக்கத்தில் முகிலும் பாடுகிறான். தெருவில் யாரிடமும் எதையும் கேட்டுவிடும் ஈஸ்வரி, "அந்தப் பாட்டை அம்மாவுக்கு ஒருதரம் பாடு கண்ணு" என்று மகனிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை.