சனிக்கிழமைச் சேவல்

“கழுத்தைத் திருகி உங்க வாசல்லயே கொண்டாந்து காட்டினேனே ஐயா. இன்னும் என்னதான் செய்யச் சொல்றீங்க?”

வில்ஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்க்கூடத்தின் நடுவில் நின்றான். எதிரே ஜோலியன், தூக்கம் கெட்டுச் சிவந்த கண்களோடு, மூக்கில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தார்.

“செத்த சேவல் இன்னைக்குக் காலையில எப்படிய்யா கூவுச்சு? நீ இன்னொண்ணை ஒளிச்சு வச்சிருக்கே!”

“நீங்களேதான் கூண்டுக்குள்ள தலையை விட்டுப் பாத்தீங்க. பெட்டைக்கோழி மூக்கைக் கொத்தினதுதான் மிச்சம்.”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்து இருமலில் முடிந்தது.

ஜோலியன் லண்டன்காரர். கிராமத்து அமைதி வேண்டும் என்று தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டை வாங்கியவர். வாங்கிய கையோடு, தேவாலய மணி அடிக்கக் கூடாது, மாடுகள் தெருவில் சாணி போடக் கூடாது என்று புகார் கொடுத்தார். வாரத்தில் ஐந்து நாள் வீடு பூட்டிக் கிடக்கும்.

அதில் முன்பு வாடகைக்கு இருந்தவள் வில்ஃபின் மகள் டாம்ஸின். இப்போது புருஷனும் கைக்குழந்தையுமாக, வயலோரத்தில் கூரை ஒழுகும் பழைய கேரவனில் கிடக்கிறாள். பனிக்காலம் நெருங்கிவிட்டது. ஊரில் வேறு வீடு காலி இல்லை. எல்லாவற்றிலும் லண்டன்காரர்களின் பூட்டுதான்.

“அது என்ன, நாங்க வர்ற சனி, ஞாயிறு மட்டும் கூவுது?” என்றார் ஜோலியன்.

“மத்த நாள்ல கூவலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் இங்க இருக்கறதே இல்லையே!”

பஞ்சாயத்துக்குத் தலைமை போதகரம்மா. எங்கள் ஊரில் பூ வைக்க, மணி அடிக்க, தேநீர்க் கோப்பை கழுவ, எல்லாவற்றுக்கும் முறை உண்டு. முறை போடுவது அவர்தான். போன ஞாயிறு தொண்டை கட்டிப் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தியவர், இன்றும் மிட்டாயைச் சப்பிக்கொண்டே பேசினார்.

“கொஞ்சம் பொறுமையா இருங்க மிஸ்டர் ஜோலியன். அதுவும் ஆண்டவர் படைப்புதானே.”

“பொறுமையா? எம் பொண்டாட்டி பெட்டி கட்டிட்டா! வித்துடலாம்னா, வீடு பாக்க வந்தவன் ஒரு ராத்திரி தங்கிட்டு, விடிஞ்சதும் ஓடிட்டான். இனிமே யாராவது வாடகைக்குக் கேட்டாக்கூடக் குடுத்துட்டுப் போயிடுவேன்!”

“எம் பொண்ணு கேக்கறா ஐயா,” என்றான் வில்ஃப் பணிவாக. “அவளுக்குச் சேவல் சத்தம் பழக்கம்.”

ஜோலியன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “எடுத்துக்கச் சொல்லு. நாளைக்கு மத்தியானம் சாவி தர்றேன்.” கதவை அறைந்துவிட்டுப் போனார்.

பின்வரிசையில் இருந்த டாம்ஸின் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். வில்ஃப் தொப்பியைத் தலையில் மாட்டினான்.

“அப்பாடா! இன்னைக்கு ராத்திரி எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம்.”

போதகரம்மா இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

“சாவி கைக்கு வர்ற வரைக்கும் விடக் கூடாது வில்ஃப். நாளைக்குக் கூவுற முறை என்னோடதுதானே?”