சட்டம் போடுகிறவர்

"எனக்கு நோய் வந்தா நான் பார்த்துக்கறேன். அதுக்கு எதுக்கு ஒரு சட்டம்?" என்றார் கண்ணாடிக்காரர், பலகையில் வைத்த கண்ணாடியை அளவு பார்த்து அறுத்துக்கொண்டே.

அந்தத் தெருவில் எல்லார் வீட்டுப் படங்களுக்கும் சட்டம் போட்டுக் கொடுப்பவர் அவர். அரசாங்கம் போட்ட சட்டம்தான் அவருக்கு ஆகவில்லை. எல்லாரும் மருத்துவக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும், எடுக்காதவர்களுக்கு அபராதம் என்று செய்தி வந்த நாளிலிருந்து கடையில் இதே பேச்சு. படம் மாட்ட ஆணி கேட்டு வந்தவர்கள்கூட அவரிடம் மாட்டிக்கொண்டு விழித்தார்கள்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார். "நல்லா இருக்கறவன் பணம் கட்டினாத்தானே முடியாதவனுக்குக் கிடைக்கும்?"

"நல்லது பண்றவன் தானா பண்ணணும். கழுத்துல கத்தியை வச்சுப் பண்ண வைக்கறது என்ன நியாயம்?"

"நீங்க சொல்லிட்டா சரி" என்று தையல்காரர் அடுத்த பித்தானை எடுத்தார். இவரோடு வாதாடி ஜெயித்தவர் அந்தத் தெருவில் கிடையாது.

ஜெயித்த ஒரே ஆள் அப்போது படியேறி வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளராக இருப்பவள். பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்து, அவர் மாத்திரை போட்டாரா என்று பார்த்து, போடவில்லையென்றால் நன்றாகத் திட்டிவிட்டுப் போவது அவள் வழக்கம். திட்டு வாங்குவதற்கென்றே அவர் மாத்திரையை மேசைமேல் விட்டுவைக்கிறார் என்று தையல்காரருக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"போடலையா?"

"இப்பத்தான் போடலாம்னு..."

"காலையில போட வேண்டியதுங்க அது." தண்ணீர் டம்ளரை நீட்டினாள். மறுபேச்சில்லாமல் விழுங்கினார்.

போன வாரம் ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கும்போது மார்பை அடைத்து உட்கார்ந்துவிட்டார். டாக்டர் சொன்ன பரிசோதனையை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

"பொண்ணு போன் பண்ணினா. அப்பா காப்பீடு எடுத்தாச்சான்னு கேட்டு அழறா."

"அம்மாவும் பொண்ணும் கட்சி சேர்ந்தாச்சா? கட்டாயம்னு வந்துட்டா எனக்குப் பச்சைத் தண்ணிகூடத் தொண்டையில இறங்காது. உனக்குத் தெரியாதா?"

"இப்ப ஒரு டம்ளர் இறங்கினதைப் பார்த்தேனே" என்று முணுமுணுத்தார் தையல்காரர்.

"தெரியும்" என்றாள் அவள். "எனக்கும் அதே குணம்தானே. ஆனா ஒண்ணு கேக்கறேன். விழறது உங்க உரிமைன்னே வச்சுக்கலாம். விழுந்தா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையப் போறது யாரு? நானும் அவளும்தானே?"

அவர் அறுத்த கண்ணாடியின் ஓரத்தைத் துணியால் துடைத்தார்.

"ஊரார் படத்துக்கெல்லாம் நீங்க சட்டம் போடறீங்க. உங்க படத்துக்கு யாரு போடறது? என்னால ஆகாது."

அவருக்கு மனசு இளகிவிட்டது. வாய்தான் விட்டுக்கொடுக்கவில்லை. "அதுக்காக அபராதத்துக்குப் பயந்து நான் போய்க் காப்பீடு வாங்கணுமா?"

"நீங்க எதையும் வாங்க வேண்டாம். பள்ளிக்கூடத்துல எனக்குக் குடும்பக் காப்பீடு இருக்கு. அதுல உங்களையும் சேர்த்துடலாம்னு கேட்டுட்டு வந்துட்டேன். ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்."

"அவ்வளவுதானா?"

"கூட சாட்சிக்கு ஆள் வேணும்."

"நான் வரேன்" என்றார் தையல்காரர், எதற்கென்று கேட்காமலே.

"காப்பீட்டுக்கு எதுக்குச் சாட்சி?" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "காப்பீட்டு ஆபீஸ் இல்லைங்க. கல்யாணத்தைப் பதிவு பண்ற ஆபீஸ்."

துடைத்த ஓரத்தையே அவர் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். 'என்ன ஆனாலும் சேர்ந்துதான் வாழணும்' என்று இரண்டு பக்கத்து உறவும் விடாமல் நெருக்கியதில் வந்த வீம்பிலேயே விவாகரத்து வாங்கி, ஆளுக்கொரு வீட்டில் ஒன்பது வருடத்தை ஓட்டியவர்கள் அவர்கள்.

"கட்டாயம் ஒண்ணும் இல்லை" என்றாள் அவள், நிமிராமல்.

"கட்டாயம் வரேன்" என்றார் அவர்.